தை என்று தேடினால் தாய்லாந்து வருகிறது

"திருவிழாவும் சுற்றுலாவும்" என்ற தலைப்பில் வகுப்பில் ஒரு கட்டுரை கேட்டார்கள். எனக்கென்ன, தைப் பொங்கலை எழுதிவிட்டால் போச்சு என்று கணினி அறையில் உட்கார்ந்து, தை, திருவிழா, பயணிகள் என்று ஆங்கில எழுத்தில் தட்டினேன். வந்தது பூராவும் தாய்லாந்து. யானை, தண்ணீர்த் துப்பாக்கி, ஆற்றில் மிதக்கும் விளக்கு, வானத்தில் பறக்கும் விளக்கு. நம் தை மாதத்துக்கும் அந்த நாட்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. பத்துப் பக்கம் தள்ளியும் ஒரு கரும்பைக்கூடப் பார்க்க முடியவில்லை :-)

முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு வேறு வழியில்லாமல் படித்தேன். படிக்கப் படிக்க வேறு மாதிரி எரிச்சல் வந்தது. அந்த இரண்டாவது எரிச்சலைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

தாய்லாந்தின் பெரிய திருவிழா சோங்க்ரான். ஏப்ரல் 13, 14, 15. பெயரைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், சங்கராந்தி. சூரியன் மேஷத்துக்குள் நுழையும் அதே கணக்கு, நம்முடைய சித்திரை ஒன்றாம் தேதி. நாம் மாங்காயும் வேப்பம்பூவும் போட்டுப் பச்சடி செய்துவிட்டு மத்தியானம் தூங்கும் அதே நாளில் அங்கே நாடே தெருவில் நிற்கிறது. பெரியவர்கள் கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்குவார்கள், புத்தர் சிலைக்கு நீராட்டுவார்கள். அதன் பிறகுதான் ஊரே ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் அடிக்கும் கூத்து. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ இதைத் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எங்கள் சித்தப்பா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். (வேப்பந்தட்டையைச் சுற்றி வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று எங்காவது இருப்பார், அது தனிக் கட்டுரை.) அவர் ஒரு தடவை கூட வேலை பார்ப்பவர்களோடு ஏப்ரலில் பாங்காக் போயிருக்கிறார். போனில் கேட்டேன்.

"அங்க என்ன சித்தப்பா பார்த்தீங்க?"

"பார்த்தேனா? எங்கடா பார்க்க விட்டாங்க! பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஒரு கிழவி ஒரு வாளித் தண்ணிய தலையில ஊத்திட்டா. ஒரு பொண்ணு வந்து மூஞ்சில வெள்ளையா மாவு பூசிட்டுக் கும்புட்டுட்டுப் போகுது. எவரு எவருன்னே தெரியாது. அப்புறம் நானும் ஒரு வாளிய வாங்கி ஊத்த ஆரம்பிச்சுட்டேன்."

"எங்கடா பார்க்க விட்டாங்க" என்று அவர் சொன்னதை நான் அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். போன பத்தாவது நிமிடத்தில் அவருக்கு வேடிக்கை பார்ப்பவர் என்ற பதவி போய்விட்டது. கையில் ஒரு வாளி வந்துவிட்டது.

மற்ற விழாக்களும் பெரும்பாலும் அப்படித்தான். லோய் கிராதோங் என்பது அவர்கள் கணக்கில் பன்னிரண்டாம் மாதப் பௌர்ணமி. வாழைத்தண்டை வட்டமாக வெட்டி, வாழையிலையை மடித்துச் சுற்றி, பூவும் மெழுகுவத்தியும் ஊதுவத்தியும் செருகி ஆற்றில் விடுவார்கள். வெளியூர்க்காரனுக்கும் அதே தெப்பம்தான், அதே ஆறுதான். லோய் மாநிலத்தில் தான் சாய் என்ற ஊரில் பீ தா கோன் என்று ஒரு பேய் விழா. சோறு அவிக்கும் மூங்கில் கூடையையும் தென்னை மட்டையையும் வைத்து முகமூடி செய்து போட்டுக்கொண்டு ஆடுவார்கள். அந்த விழாவின் தேதியை ஊர்ச் சாமியாடிதான் ஒவ்வோர் ஆண்டும் சொல்ல வேண்டும். நம்மூரில் பூசாரி வாக்குச் சொன்ன பிறகு காப்புக் கட்டுகிற மாதிரிதான். ஆனால் ஒரு வித்தியாசம், அங்கே சாமியாடி சொன்ன தேதி உலகத்துக்கே தெரிந்துவிடுகிறது.

இங்கே? பெரம்பலூர் பக்கம் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். எங்களுக்கு அது குழந்தையிலிருந்து தெரியும். அதனால் யாருக்கும் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றுவதே இல்லை. நெடுஞ்சாலையை ஒட்டிய கோயில். செவ்வாய்க்கிழமை காரை நிறுத்தி இறங்கி, பூட்டிய கதவைக் கும்பிட்டுவிட்டுப் போகிற வெளியூர்க் குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். பூக்கடை அக்கா ரொம்பச் சாதாரணமாக, "வெள்ளிக்கிழமை வாங்க" என்பார். கோயம்புத்தூரிலிருந்து வந்தவர் எப்படி வெள்ளிக்கிழமை வருவார்?

தேதி சொல்லாதது சின்னக் குறை. ஒரு பலகை வைத்தால் தீர்ந்தது. பெரிய குறை வேறு.

சில வருடங்களுக்கு முன் என் அத்தை ஊரில் வெளிநாட்டுப் பயணிகளுக்காகப் பொங்கல் விழா நடத்தினார்கள். யார் நடத்தியது என்பது வேண்டாம். ஒரு பஸ் நிறைய வெள்ளைக்காரர்கள். இறங்கியதும் மாலை, குங்குமம், கரகாட்டம், மாட்டு வண்டியில் ஒரு சுற்று. பிறகு பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வரிசையாக உட்கார வைத்தார்கள். எதிரே பதினோரு புதுப்பானை. அடுப்பு மூட்டியது, பால் ஊற்றியது, அரிசி போட்டது எல்லாம் எங்கள் ஆட்கள். பொங்கியதும் எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார்கள். போட்டோ எடுப்பவர் அந்த நேரம் வேறு பக்கம் திரும்பியிருந்தார் போலிருக்கிறது. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். இன்னொரு தடவை சொன்னார்கள். பானை மறுபடி பொங்குமா? அது பாட்டுக்கு அடங்கிக் கிடந்தது. அதற்கு எதிரே நின்று எங்கள் சனம் "பொங்கலோ பொங்கல்" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கத்தியது.

எனக்குக் கோபம் வந்ததென்று சொல்ல மாட்டேன், நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. கடைசிப் பானை எங்கள் ஆயாவுடையது. ஈர விறகு, எரியவில்லை. ஆயா சுற்றுமுற்றும் பார்த்தது. நாங்கள் யாரும் பக்கத்தில் இல்லை. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு, கையில் ஊதுகுழலைக் கொடுத்து, "ஊது தாயி" என்றது. அந்த அம்மா மண்டியிட்டு ஊதினார். கண்ணில் புகை போய்த் தாரை தாரையாகத் தண்ணீர். ஆயா தன் முந்தானையால் துடைத்துவிட்டது. பானை பொங்கியபோது எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்தியவர் அவர்தான். அந்த நூறு போட்டோவில் இது இல்லை, ஏனென்றால் நிகழ்ச்சி நிரலில் இது இல்லை.

என் கருத்து இவ்வளவுதான். பயணிக்கு விழாவைக் காட்டாதீர்கள், விழாவில் ஒரு வேலை கொடுங்கள். சித்தப்பாவுக்கு வாளி கிடைத்த மாதிரி, அந்த அம்மாவுக்கு ஊதுகுழல் கிடைத்த மாதிரி. நாற்காலி போட்டு உட்கார வைப்பது நமக்கு மரியாதையாகத் தெரிகிறது. வந்தவருக்கு அது தூரம். நாற்காலி போட்டதும் நாமும் மாறிவிடுகிறோம், பொங்கல் வைப்பவர் பொங்கல் வைப்பதாக நடிப்பவர் ஆகிவிடுகிறார். அலங்காநல்லூரில் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தனி மேடை போடுகிறார்கள். ஜல்லிக்கட்டில் அது சரி, மாட்டுக்கு முன்னால் யாரையும் இறக்கிவிட முடியாது! பொங்கல் பானைக்கு எதற்கு மேடை?

தாய்லாந்தைத் தலையில் தூக்கி வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சோங்க்ரானையொட்டிய ஏழு நாளை அங்கே "ஆபத்தான ஏழு நாட்கள்" என்றே சொல்கிறார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் அந்த ஒரு வாரத்தில் சாலை விபத்துகளில் இருநூறு பேருக்கு மேல் சாகிறார்கள். லோய் கிராதோங் முடிந்த மறுநாள் விடியற்காலையில் பாங்காக் மாநகராட்சி ஆற்றிலும் குளங்களிலும் அள்ளிய தெப்பங்கள் 2023இல் ஆறு லட்சத்துக்கும் மேல். அவர்கள் அதை எண்ணி, வாழைத்தண்டு எத்தனை, தெர்மாக்கோல் எத்தனை என்று பிரித்து வெளியிடுகிறார்கள் (நம் விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் யாராவது எண்ணினால் நன்றாக இருக்கும்). சுரின் நகரத்து யானைத் திருவிழா 1960இல் பயணிகளை நினைத்தே தொடங்கிய கூட்டம். அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு நம் பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான் ஞாபகம் வந்தன.

இன்னொன்று. எல்லா விழாவுக்கும் ஆள் கூப்பிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. யசோதோன் என்ற ஊரில் மே மாதம் மூங்கில் ராக்கெட் விடுகிறார்கள், மழை கேட்டு. ராக்கெட் மேலே போகாமல் புஸ்ஸென்று போனால் செய்தவர்களைச் சேற்றில் தள்ளிவிடுவார்கள். ஒரே சிரிப்பு. அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆள் வருகிறது. எங்களுடையதும் வானம் பார்த்த பூமி. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. மழை பொய்த்தால் எங்கள் பக்கமும் கேட்போம். எங்கள் முறை மழைச்சோறு. பெண்கள் வீடு வீடாகப் போய் உப்பில்லாச் சோறு வாங்கி, ஒன்றாகக் கலந்து, ஊர் எல்லையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டே சாப்பிடுவார்கள். ஊரே பிச்சைக்கு வந்துவிட்டோம், இனிமேலாவது பெய் என்று வானத்துக்குக் காட்டுவது அது. ஆயா சொல்லக் கேட்டதுதான், நான் பார்த்ததில்லை. அதை யாராவது "கிராமியச் சுற்றுலா" நிரலில் சேர்த்தால் நான் முதல் ஆளாகச் சண்டைக்குப் போவேன். சிரித்துக்கொண்டே மழை கேட்கிற விழாவுக்கு விருந்தாளி வரலாம். அழுதுகொண்டே கேட்கிற இடத்தில் விருந்தாளிக்கு என்ன வேலை?

சரி, இப்போது சொல்லக் கொஞ்சம் தயக்கமான இடத்துக்கு வருகிறேன்.

வந்தவருக்கு வேலை கொடு என்று எழுதிவிட்டேன். தேர்த் திருவிழா என்றால் என்ன வேலை? வடம் பிடிப்பது. எங்கள் தாலுகாவில் அரும்பாவூர் இருக்கிறது. மரச்சிற்பத்துக்குப் பெயர் போன ஊர், 2020இல் புவிசார் குறியீடு வாங்கியது. தேர்ச் சிற்பமும் வாகனமும் அங்கே செதுக்குகிறார்கள். அரும்பாவூரில் காலையில் உளிச் சத்தம் கேட்டுவிட்டு, சாயங்காலம் பக்கத்து ஊரில் தேர் வடம் பிடி என்று ஒரு பயணியிடம் சொன்னால் அதைவிட நல்ல நாள் அவருக்கு உலகத்தில் எங்கே கிடைக்கும்! இப்படித்தான் உற்சாகமாக எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் நண்பன் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்: "வெள்ளைக்காரன் வடம் பிடிக்கலாம். எங்க தெருக்காரன் பிடிக்கலாமாடா?"

பதில் சொல்ல முடியவில்லை. சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 1998இல் வடம் பிடிக்கும் உரிமையில் பிரச்சினை வெடித்து, உயர் நீதிமன்றம் வரை போய், பல ஆண்டுகள் தேர் ஓடாமலே நின்று, 2024 ஜூனில்தான் பலத்த போலீஸ் பாதுகாப்போடு மறுபடி ஓடியது. தேர் நிற்கிற ஊர் அது ஒன்றுதான் என்று நாம் யாரும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல மாட்டோம். சித்தப்பா தலையில் தண்ணீர் ஊற்றிய கிழவி அவரிடம் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. (அங்கே வேறு மேடு பள்ளம் இருக்கும், மூன்று நாள் போனவருக்குத் தெரியாது. ஆனாலும் அந்தத் தண்ணீர் கேட்கவில்லை.)

ஆகவே நாற்காலி போடுவது நம் மரியாதையினால் மட்டுமா என்று எனக்கு இப்போது சந்தேகம். யார் எங்கே நிற்கலாம், எதைத் தொடலாம் என்று முன்னமே வரிசை போட்ட விழாவில் புதிதாக ஒருவன் வந்தால் அவனை எங்கே வைப்பதென்று நமக்குத் தெரியாது. தெரியாததால் நாற்காலி. நண்பனுடைய தெருவுக்கு வடத்தில் இடம் இல்லாத ஊரில் ஆஸ்திரேலியாக்காரருக்கு இடம் கொடுத்துப் போட்டோ எடுத்தால், அது சுற்றுலா வளர்ச்சி இல்லை, அசிங்கம்.

இல்லாததையே பேசிக்கொண்டிருக்க வேண்டாம், எல்லோருக்கும் வேலை இருக்கிற ஒரு விழா எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்து அன்னாபிஷேகம். ஐப்பசிப் பௌர்ணமி. பதிமூன்று அடி லிங்கம், நூறு மூட்டை அரிசி என்று சொல்வார்கள். காலையிலிருந்து வடித்த சோற்றைக் கூடை கூடையாகச் சுமந்துகொண்டே இருப்பார்கள். ஆறாவது படிக்கும்போது ஆயா கூட்டிப் போனது. கருவறைக்குள் வெள்ளை வெளேரென்று ஒரு மலை நின்றது, அவ்வளவுதான் என் ஞாபகம். அதைவிட நன்றாக ஞாபகம் இருப்பது வெளியே வரிசை. தீபாராதனை முடிந்து சோற்றைக் கலைத்துப் பிரசாதமாகக் கொடுக்க ஆரம்பித்தபோது எனக்கு முன்னால் நின்றவர் யார், பின்னால் நின்றவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. கையில் சோறு, அதைச் சாப்பிட வேண்டும், அதுதான் எல்லோருக்கும் வேலை. மிச்சம் நீர்நிலையில் கரைப்பார்கள், மீனுக்கு.

இப்போது நாள்காட்டியைப் பாருங்கள். 2024இல் ஐப்பசிப் பௌர்ணமி நவம்பர் 15. லோய் கிராதோங்கும் அதே நாள். 2025இல் நவம்பர் 5, மறுபடி இரண்டும் ஒரே பௌர்ணமி. (எல்லா ஆண்டும் அப்படி வராது. அவர்கள் அதிக மாதம் சேர்க்கிற கணக்கு வேறு. 2023இல் ஒரு மாதம் தள்ளிப் போனது.) ஒரே நிலாவுக்குக் கீழே அங்கே லட்சக்கணக்கில் வெளியூர்க்காரர்கள், இங்கே நம் மாவட்டத்துக் கூட்டம். கங்கைகொண்ட சோழபுரம் 2004இலேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்ட கோயில், பெயர் தெரியாத இடமும் இல்லை.

2025 ஜூலை 23 முதல் 27 வரை அங்கே ஆடித் திருவாதிரை விழா பெரிதாக நடந்தது. ராஜேந்திர சோழனின் கடல் கடந்த படையெடுப்புக்கு ஆயிரம் ஆண்டு. கடைசி நாள் பிரதமர் வந்தார், இளையராஜா இசை, நினைவு நாணயம். அந்தப் படையெடுப்பில் வருகிற தலைத்தக்கோலம் என்ற ஊரை இன்றைய தாய்லாந்தின் மேற்குக் கரைத் தக்குவாபா என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கப்பலில் போய் ஜெயித்ததற்கு ஐந்து நாள் விழா எடுத்தோம். சந்தோஷம்தான். ஆனால் படை போகாமலே அங்கே போன தமிழ் ஒன்று உண்டு. மார்கழி, தை மாதங்களையொட்டி பாங்காக்கில் அரசுப் பிராமணர்கள் நடத்தும் சடங்குக்குத் திரியம்பாவாய், திரிபாவாய் என்று பெயர். திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அப்படித் திரிந்தது என்பது அறிஞர்கள் கருத்து. அந்தச் சடங்குக்காக 1784இல் நட்ட சுமார் 21 மீட்டர் உயர ஊஞ்சல் தூண்கள் நகர நடுவில் இன்றும் நிற்கின்றன (மரம் மட்டும் 2007இல் மாற்றியது). ஆட்கள் விழுந்து சாகிறார்கள் என்பதால் ஊஞ்சல் ஆட்டத்தை 1935இல் நிறுத்திவிட்டார்கள். சடங்கு பக்கத்துக் கோயிலில் தொடர்கிறது. தை என்று தேடி தாய்லாந்து வந்ததற்கு நான் கோபப்பட்டிருக்கவே வேண்டாம் போலிருக்கிறது!

அதே நகரத்தில் சீலோம் சாலையில் நம் தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய மாரியம்மன் கோயில். நவராத்திரி முடிவில் அம்மன் தெருவுக்கு வருகிறாள். வழியெல்லாம் தாய்லாந்துக்காரர்களே கடை வாசலில் மேசை போட்டு, செவ்வந்திப் பூவும் தேங்காயும் பரப்பிக் காத்திருக்கிறார்கள். அவர்களை அங்கே யாரும் நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. நம் மாரியம்மன்தான், நம் தேங்காய்தான். வெளியாளுக்கு எப்படி இடம் விடுவது என்று நமக்கே தெரிந்திருக்கிறது, ஊரை விட்டுப் போன பிறகு.

கட்டுரையை வகுப்பில் கொடுத்தேன். "தலைப்பை விட்டு விலகிப் போகிறது" என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்தது. வடம் பற்றிய பத்தியை எடுத்துவிட்டால் மதிப்பெண் கூடும் என்று நண்பனே சொன்னான். எடுக்கவில்லை.

சித்தப்பா அடுத்த லீவை ஐப்பசியில் போடப் பார்க்கிறாராம். அவரோடு வேலை பார்க்கும் தாய்லாந்துக்காரர் ஒருவரும் வர ஆசைப்படுகிறாராம், அவர் ஊரில் அன்றைக்கு ஆற்றில் விளக்கு விடுவார்களே என்று கேட்டதற்கு, "அது வருசா வருசம் விடுறதுதானே" என்றாராம். வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் என்று பஸ் மாறிப் போக வேண்டும். ராத்திரி சோறு வாங்கிய பிறகு திரும்பிவர பஸ் இருக்கிறதா என்று ஜெயங்கொண்டம் பக்கத்து நண்பர்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.